எனக்கும் அதிர்ந்தது

அத்தானுக்கு முன்னால் ‘வேண்டாம்’ என்று சொல்ல எனக்கு வாய் வராது. அதனால்தான் ஒரு கருவியைக் கண்டுபிடித்தேன். பகிடிக்குச் சொல்லவில்லை. அதை விற்கும் நிறுவனத்தின் விளம்பரத்தில் வேறு ஏதோ கதை எழுதியிருக்கிறார்கள், அதை நம்ப வேண்டாம்.

அத்தான் என்றால் என் அக்கா வதனியின் கணவர், தயாபரன். நோர்வேயின் வடக்கே ட்ரொம்சோ நகரத்தில் பல் வைத்தியர். பத்து வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, மீன் தொழிற்சாலையில் வேலை செய்த தகப்பனிடம் வளர்ந்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சிரிக்கச் சிரிக்க விழுந்தெழும்பி ஸ்கீ பழகியவர். இப்போது ஐம்பத்தாறு வயது. லிங்கன் மலைகளில் அவர் ஏறாத முகடு இல்லை. நகரத்தில் பாதிப் பேர் அவர் முன்னால் வாயைத் திறந்திருக்கிறார்கள், ஆனால் பேசியவர்கள் குறைவு. மலையிலும் அப்படித்தான். அவர் “போவம்” என்றால் எல்லோரும் போவோம்.

பனிச்சரிவில் அகப்பட்டுத் தப்பியவர்களிடம் பேசிப் பாருங்கள். முக்கால்வாசிப் பேர் ஒரே கதையைத்தான் சொல்வார்கள். “எனக்கு அப்போதே ஒரு மாதிரி இருந்தது. சொல்லத்தான் இல்லை.” எப்படிச் சொல்வது? முன்னால் போகிறவர் பழம் தின்று கொட்டை போட்டவர். பக்கத்தில் நிற்பவள் புதுக் காதலி. பின்னால் வருகிறவன் போன வருடம் நம்மைக் கோழை என்று கேலி செய்தவன். பனியை அளக்க எத்தனையோ கருவிகள் இருக்கின்றன. வாயை மூடிக்கொண்டு நிற்கும் மனிதனை அளக்கத்தான் ஒன்றும் இருக்கவில்லை. அந்த இடத்தில் என் மூளை வேலை செய்தது.

கையில் கட்டும் ஒரு பட்டி. விற்பனைப் பெயர் ‘த்வீல்’. நோர்வே மொழியில் சந்தேகம் என்று அர்த்தம். எங்கள் வீட்டில் அது வெறும் பட்டிதான்.

நான் சொல்ல வருவது ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி. மார்ச் மாதம், நல்ல வெயில். அக்காவின் மகள் ஆரணியும் ரொறொன்ரோப் பொடியன் சேயோனும் இரண்டு வருடமாகக் காதலிக்கிறார்கள். அவன் முதல் தடவையாக நோர்வேக்கு வந்திருந்தான். அத்தான் இன்னும் ‘ஓம்’ சொல்லவில்லை. அந்தக் காலத்தில் பெண் பார்க்கப் போனால் பாடச் சொல்வார்களாம். அத்தானுக்குப் பாட்டெல்லாம் வேண்டாம். ஆளை மலைக்குக் கூட்டிக்கொண்டு போவார். இது சேயோனுக்கும் தெரியும். அதனால் காலையில் இருந்து அவன் தேவைக்கு அதிகமாகச் சிரித்துக்கொண்டிருந்தான்.

அக்கா வாசலில் நின்று ரொட்டிப் பெட்டியைத் தந்தாள். எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம். வெளிக்கிடுகிறவரைப் பார்த்து ‘எங்கே போகிறீர்கள்’ என்று கேட்கக் கூடாது. கேட்டால் போகிற காரியம் சரிவராதாம். முப்பது வருடம் நோர்வேயில் இருந்தும் அக்கா அதை விடவில்லை.

“தூரமே?” என்று மட்டும் கேட்டாள்.

“கிட்டத்தான். போட்டு வாறம்” என்றார் அத்தான்.

எந்த மலை என்று அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை என்றுதான் நினைத்தோம். எங்கள் நான்கு பட்டிகளும் அக்காவின் போனில் நான்கு நீலப் புள்ளிகளாக நகரும். அவள் சமைத்துக்கொண்டே பார்த்துக்கொள்வாள்.

காரில் சேயோன் தன் கைப்பட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“அன்ரி, உது என்னண்டு வேலை செய்யுது?”

நாற்பத்தொரு வயதில் தனியாக இருக்கிறவளை அன்ரி என்று கூப்பிட்டால் கொஞ்சம் குத்தத்தான் செய்யும். பொறுத்துக்கொண்டேன்.

“உம்மட உடம்பைக் கேக்கும் தம்பி. மூச்சு, நாடி, நடை, குரல். பயம் வேற, சந்தேகம் வேற. பயந்தவன் கெதியா மூச்சு விடுவான், கனக்கக் கதைப்பான். சந்தேகப்படுறவன் கதையைக் குறைப்பான். வந்த வழியைத் திரும்பித் திரும்பிப் பாப்பான். அடி வைக்க முதல் ஒரு கணம் நிப்பான். அது கூடினா குழுவில எல்லாற்ற பட்டியும் ஒரே நேரத்தில அதிரும்.”

“ஆற்ற சந்தேகம் எண்டு காட்டாதோ?”

“காட்டாது. எனக்கே தெரியாது. அதிர்ந்தா எல்லாரும் திரும்ப வேண்டியதுதான். ஆரால எண்டு ஒருத்தரும் கேக்கக் கூடாது. அதுதான் சட்டம்.”

பின் சீட்டிலிருந்து ஆரணி சிரித்தாள். “கேக்கக் கூடாதாம். கேக்காம இருக்கினமோ, சித்தி?”

இந்தப் பெட்டைக்கு என் வாய்தான் வந்திருக்கிறது. அவள் சொன்னது சரி. முதல் இரண்டு குளிர்காலமும் எல்லோரும் எங்களைத் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். குழுக்கள் திரும்பி வந்தன, மீட்புப் படைக்கு வேலை குறைந்தது. மூன்றாவது குளிர்காலத்தில் எல்லாம் மாறிவிட்டது. பட்டி அதிர்ந்து திரும்பிய பிறகு, காருக்குள் ஏறியதும் ஒவ்வொருவரும் மற்றவர் முகத்தைப் பார்க்கத் தொடங்கினார்கள். இவனாக இருக்குமோ, அவளாக இருக்குமோ. கணவனும் மனைவியும் அதனால் சண்டை பிடித்தார்கள். குழுக்கள் ஆளை மாற்றி மாற்றிப் போய்ப் பார்த்துக் ‘குற்றவாளியை’க் கண்டுபிடித்தன.

ஒரு மாணவர் கழகத்தில் ஐவின்ட் என்ற பையன்மேல் சந்தேகம் விழுந்தது. அவன் வந்தால் பட்டி அதிரும் என்று கேலி செய்தார்கள். அவன் நாடியை அடக்கும் மாத்திரை ஒன்றை வாங்கிப் போட்டுக்கொண்டு அடுத்த முறை போனான். பட்டி அதிரவில்லை. எல்லோரும் அவன் தோளில் தட்டினார்களாம். அன்று விழுந்த பனிச்சரிவிலிருந்து அவன் மட்டும் திரும்பி வரவில்லை. ‘கருவி சரியாகவே இயங்கியது’ என்று நிறுவனம் அறிக்கை விட்டது. அறிக்கையில் என் கையெழுத்தும் இருந்தது. அதற்குப் பிறகு கொஞ்ச நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

இதையெல்லாம் நான் காரில் சொல்லவில்லை. “சில பேர் கேக்கினம்தான்” என்று மழுப்பிவிட்டு வெளியே பார்த்தேன்.

படகில் காரை ஏற்றிக் கடலைத் தாண்டி மலையடிவாரத்துக்குப் போனோம். அந்த மலையின் பெயரை அத்தான் மட்டும்தான் சரியாக உச்சரிப்பார், நான் முயற்சி செய்யப் போவதில்லை. பனியில் புதைந்தால் தேடிக் கண்டுபிடிக்கும் கருவியை எல்லோரும் நெஞ்சில் மாட்டிக்கொண்டோம். போன்களை நிறுத்தி வைத்தோம், அவை அந்தக் கருவியைக் குழப்பும். ஸ்கீயின் அடியில் வழுக்காத பட்டைகளை ஒட்டிக்கொண்டு ஏறத் தொடங்கினோம்.

குட்டை மரங்களுக்கு நடுவில் இளைப்பாறும்போது அத்தான் பாடம் நடத்தினார்.

“போன கிழமை முழுக்கக் குளிரும் தெளிஞ்ச வானமும். பழைய பனிக்கு மேல கண்ணாடிச் செதில் மாதிரிப் பூத்துப்போய்க் கிடந்தது. வடிவா இருக்கும், ஆனா ஒண்டையும் தாங்காது. வியாழக்கிழமை காத்தோட புதுப்பனி கொட்டி அதை மூடிப்போட்டுது. அப்பளத்தை அடுக்கி, அதுக்கு மேல அரிசி மூட்டையை வைச்சா எப்பிடி? அப்பிடித்தான் இப்ப கிடக்கு.”

“அப்ப உடையாதோ அங்கிள்?” என்று கேட்டான் சேயோன்.

“ஆர், எங்க மிதிக்கினம் எண்டதில இருக்கு தம்பி” என்று சிரித்தார் அத்தான்.

அன்றைய பனிச்சரிவு எச்சரிக்கை ஐந்தில் மூன்று. இந்த மூன்று ஒரு சனியன் பிடித்த எண். நான்கு என்றால் எல்லோரும் வீட்டில் படுத்திருப்பார்கள். இரண்டு என்றால் பெரிதாகப் பயமில்லை. மூன்று என்றால்தான் ஆளாளுக்குத் தங்களைக் கெட்டிக்காரர் என்று நினைத்துக்கொண்டு வெளிக்கிடுவார்கள். நாங்களும் வெளிக்கிட்டிருந்தோம்.

மரங்களைத் தாண்டி ஒரு சமதரைக்கு வந்தபோது அது கேட்டது. ஊம்ம் என்று ஒரு சத்தம். மேல்மாடியில் யாரோ கனத்த அலுமாரியை விழுத்தியது போல. காலடியில் பனி ஒரு விரலளவு கீழே இறங்கியது. காதால் கேட்டேனா வயிற்றால் கேட்டேனா என்று தெரியவில்லை.

அப்பளம் உடைந்துவிட்டது. சமதரை என்றபடியால் ஒன்றும் சரியவில்லை, அவ்வளவுதான். இந்தச் சத்தம் கேட்டால் திரும்பிவிட வேண்டும் என்பது இந்த ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். அத்தான் நின்றார். நாங்களும் நின்றோம். நால்வரும் கையைப் பார்த்தோம். பட்டி சும்மா இருந்தது.

அத்தான் நடக்கத் தொடங்கினார். நாங்களும் பின்னால் போனோம்.

எனக்கு வயிறு குளிர்ந்துபோய்க் கிடந்தது. ஆனாலும் எப்படி யோசித்தேன் தெரியுமா? நான் உண்மையாகச் சந்தேகப்பட்டிருந்தால் பட்டி அதிர்ந்திருக்கும். அதிரவில்லை. ஆகவே இது சந்தேகம் இல்லை, வெறும் பயம். என் வயிற்றை விட என் கருவிக்கு என்னைப் பற்றி அதிகம் தெரியும் என்று முடிவு கட்டிவிட்டேன். படித்தவள் புத்தி!

முகட்டுக்கு ஏறி நின்றோம். கீழே ஒரு பெரிய கிண்ணம் போல வெள்ளைச் சரிவு. ஒரு தடம் இல்லை, ஒரு கீறல் இல்லை. காற்று கொண்டுவந்து கொட்டிய பனி மேல் விளிம்பில் தடித்துப்போய்ப் பளபளத்தது. இதில் இறங்கத்தான் இவ்வளவு தூரம் ஏறியிருந்தோம். ஸ்கீ தெரிந்தவர்களுக்கு இதைப் பார்த்தால் நாக்கில் நீர் ஊறும்.

“நான் முதல்” என்றார் அத்தான். “பிறகு தம்பி. அடுத்தது ஆரணி. சுகி, நீ கடைசி.”

ஆரணி தலைக்கவசத்தின் பட்டையை இறுக்கினாள். அவள் பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் அவளை முதலில் தூக்கியது நான்தான். அக்கா மயக்கத்தில் இருந்தாள், அத்தான் அழுதுகொண்டிருந்தார். எனக்குப் பிள்ளை இல்லை. இனி வேண்டும் என்றும் நினைக்கவில்லை, இவள் இருக்கிறாள் என்பதால். அவளைப் பார்த்தேன். ‘வேண்டாம் அத்தான்’ என்ற இரண்டு சொற்கள் தொண்டை வரைக்கும் வந்தன. வந்து அங்கேயே நின்றுவிட்டன.

அத்தான் விளிம்புக்குப் போய் ஸ்கீயின் முனையை வெளியே நீட்டினார்.

“அங்கிள்” என்றான் சேயோன். “எனக்கு அதிருது.”

அத்தான் திரும்பினார். கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் அவர் என்ன நினைக்கிறார் என்று தெரியவில்லை.

“ஓம்” என்றார். “எனக்கும் அதிர்ந்தது.”

“எனக்கும் அப்பா” என்றாள் ஆரணி.

என் கையில் ஒன்றும் இல்லை. சின்னத் துடிப்புக்கூட இல்லை. மற்ற மூன்றும் அதிர்ந்து, அதை உருவாக்கியவளின் பட்டி மட்டும் செத்துக் கிடக்கிறது! எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அதைவிட, ‘எனக்கு அதிரவில்லை’ என்று சொன்னால் அத்தான் ‘அப்ப பட்டியில பிழை, வாங்கோ போவம்’ என்பார்.

“எனக்கும் அதிர்ந்தது” என்றேன்.

யாரால் என்று ஒருவரும் கேட்கவில்லை. அத்தான் ஸ்கீயைப் பின்னால் இழுத்துக்கொண்டார். சரிவை விட்டு விலகி, முகட்டின் மறுபக்கமாக, காடு இருக்கும் பாதுகாப்பான பக்கத்துக்குத் திரும்பினோம்.

அதிக தூரம் போகவில்லை. பின்னால் துணி கிழிவது போல ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தேன். அத்தான் நின்ற இடத்துக்குச் சற்றுக் கீழே, கிண்ணத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஒரு கோடு ஓடியது. அடுத்த கணம் முழுச் சரிவும் துண்டு துண்டாக உடைந்து கீழே போனது. ஒவ்வொரு துண்டும் ஒரு பஸ் அளவு. நாங்கள் இருந்து பாடம் கேட்ட மரங்கள், ஏறி வந்த தடம், எல்லாவற்றின் மேலும் வெள்ளைப் புகை ஏறி மூடியது. பிறகு சத்தமே இல்லை.

அத்தான் பனியில் பொத்தென்று இருந்துவிட்டார். கையுறையைக் கழற்றி ஆரணியின் முகத்தைத் தடவினார். “என்ர பிள்ளை, என்ர பிள்ளை” என்றார். வேறு ஒன்றும் வரவில்லை. பிறகு கையைத் தூக்கிப் பட்டியைக் கண்களில் ஒற்றிக்கொண்டார். கோயிலில் விபூதித் தட்டைத் தொட்டு ஒற்றுவார்களே, அப்படி.

“சுகி, உன்ர கைக்குத் தங்கக் காப்புத்தான் போடவேணும்.”

நான் அழுதேன். சேயோனும் அழுதான், ஆனால் மூக்குச் சிந்துவது போலப் பாசாங்கு செய்தான்.

மறுபக்கமாக இறங்கி, வீதியால் சுற்றி நடந்து காருக்கு வர நேரம் எடுத்தது. வரும்போது தலைக்கு மேல் ஹெலிகொப்டர் ஒன்று மலைப் பக்கம் போனது. யாரையோ தேடுகிறார்கள், பாவம் என்று நினைத்தோம். போனைப் போட்ட பிறகுதான் அந்தப் பாவப்பட்டவர்கள் நாங்கள் என்று தெரிந்தது.

“எங்க நிக்கிறியள்? ஆரணி எங்க? அத்தான் எங்க?” அக்காவின் குரல் கிழிந்திருந்தது.

“நாலு பேரும் நிக்கிறம் அக்கா. ஒருத்தருக்கும் ஒண்டும் இல்லை.”

அந்தப் பக்கத்தில் அவள் அழுதது காருக்குள் எல்லோருக்கும் கேட்டது. அடிவாரத்தில் ஒரு விவசாயி சரிவைக் கண்டிருக்கிறார். அதற்குள் நான்கு தடங்கள் போகின்றன, வெளியே வரவில்லை. வானொலியில் சொல்லிவிட்டார்கள். அக்கா போனைத் திறந்து பார்த்தால் நான்கு புள்ளிகளும் இல்லை. மீட்புப் படைக்கு அடித்திருக்கிறாள்.

“எந்த மலை எண்டு கேக்கினம். நான் என்னத்தைச் சொல்ல? கேக்கேல்லை எண்டன். ஏன் கேக்கேல்லை எண்டு போனை எடுத்த பிள்ளை கேட்டுது. எங்கட ஆக்கள் கேக்கிறேல்லை எண்டு சொல்லிப்போட்டுக் குளறினன் சுகி. அதுக்கு அந்தப் பிள்ளை என்னத்தை விளங்கும்?” மூச்சு வாங்கினாள். “இனி நீங்கள் கடைக்குப் போனாலும் எங்க எண்டு கேப்பன். காரியம் சரிவராட்டிப் போகட்டும்.”

மீட்புப் படைக்குச் சொன்னோம். ஹெலிகொப்டர் திரும்பியது. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அத்தான் ஒரு கையால் காரை ஓட்டிக்கொண்டு மறு கையால் அடிக்கடி முகத்தைத் துடைத்தார்.

பின்னேரம் அக்கா சோறும் மீன்குழம்பும் வைத்தாள். எல்லோரையும் ஒரு தடவை தொட்டுப் பார்த்த பிறகுதான் பரிமாறினாள். அத்தான் முதல் கவளத்தை உருட்டி வைத்துக்கொண்டு பேசினார்.

“இண்டைக்கு எங்களைக் காப்பாத்தினது சுகியின்ர பட்டி. இனி அது இல்லாம மலைக்குக் கால் வைக்கிறேல்லை. அது அதிர்ந்தாத் திரும்பிறது, அதிராட்டிப் போறது. அவ்வளவுதான் கணக்கு.”

“உதுவோ?” என்றாள் அக்கா. “விடியத்தொட்டு உங்கட ஒரு புள்ளியும் என்ர போனில வரேல்லை. முதல்ல என்ர போன்தான் பழுது எண்டு நினைச்சன்.”

எனக்குள் ஏதோ தட்டியது. விடியற்காலையிலிருந்தே இல்லையா? எழுந்து அடுத்த அறைக்குப் போய், அதுவரை பார்க்காமல் விட்ட அலுவலகச் செய்திகளைத் திறந்தேன். என் மேலாளர் இங்வில் வரிசையாக அனுப்பியிருந்தாள். இரவு ஏற்றிய புதுப்பிப்பில் கோளாறு. வடக்கில் உள்ள பட்டிகள் எல்லாம் விடிவதற்கு முன்பே செயலிழந்துவிட்டன. திரையில் நேரம் மட்டும் காட்டும், வேறு எதுவும் செய்யாது. ஒரு பட்டியும் அதிர வழியே இல்லை.

இரண்டு தடவை வாசித்தேன். சேயோனின் பட்டியும் அதிரவில்லை.

கதவிடுக்கால் அவனைப் பார்த்தேன். மீனில் முள் எடுக்கத் தெரியாமல் தடுமாறிக்கொண்டிருந்தான். ஆரணி எடுத்துக் கொடுத்தாள். நான் பேசாமல் இருந்தால் எல்லாம் நல்லபடி முடியும். பட்டிக்குப் பெயர், எனக்குக் காப்பு, அவனுக்குப் பெண். பொய் சொல்கிறவனுக்கும் பல் தீட்டாதவனுக்கும் இந்த வீட்டில் இடமில்லை என்பது அத்தானின் பழைய பல்லவி. அவன் பயந்து பொய் சொன்னான் என்று தெரிந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் சொல்லாவிட்டால் அடுத்த ஞாயிறு என்ன நடக்கும் என்று தெரியும். அதிராவிட்டால் போவது, அவ்வளவுதான் கணக்கு. அத்தான் போவார். ஆரணியும் பின்னால் போவாள்.

திரும்பி வந்து என் இடத்தில் இருந்தேன்.

“அத்தான், இண்டைக்குப் பட்டி ஒண்டும் வேலை செய்யேல்லை. ஒருத்தற்றயும் இல்லை. விடியவே செத்துப்போச்சு.”

அக்கா கரண்டியோடு நின்றாள்.

“எனக்கு அதிரேல்லை” என்றேன். “அதிர்ந்தது எண்டு பொய் சொன்னனான். என்ர மட்டும் பழுதாக்கும் எண்டு வெக்கத்தில சொன்னனான்.”

“எனக்கும் அதிரேல்லை, சித்தி” என்றாள் ஆரணி மெல்லமாக. “சேயோன் சொன்னோடன, அப்பாடா எண்டு இருந்தது. அதாலதான் சொன்னன்.”

எல்லோரும் சேயோனைப் பார்த்தோம். அத்தான் கேட்டார், “தம்பி, உமக்கு?”

“இல்லை அங்கிள்.” சோற்றைப் பார்த்தபடி சொன்னான். “எனக்குப் பயமாக் கிடந்தது. பயம் எண்டு சொன்னா ஆரணியைத் தரமாட்டியள் எண்டு நினைச்சன். உங்களுக்கு மேல நான் கதைக்கிறதெண்டும் வரும். அதான் பழியைப் பட்டியில போட்டிட்டன். சொறி, அங்கிள்.”

அத்தான் உருட்டிய கவளத்தைத் தட்டில் போட்டார். நான் ஆரணியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“நானும் பொய்தான் சொன்னனான்” என்றார்.

“என்ன?” என்றாள் அக்கா.

“எனக்கும் அதிரேல்லை. கீழ அந்தச் சத்தம் கேட்ட நேரம் தொட்டு, ஆராவது ஒருத்தர் வாயைத் திறக்க மாட்டியளோ எண்டு பாத்துப் பாத்துத்தான் ஏறினனான்.”

“அப்ப நீங்களே சொல்லியிருக்கலாமே அப்பா!”

“நான் எப்பிடிச் சொல்றது? நீங்கள் எல்லாரும் எனக்குப் பின்னால வாறியள். நான் நிண்டா…” மேலே சொல்லாமல் நிறுத்தினார். கண் கலங்கியிருந்தது. “முப்பது வருசமா எனக்குப் பின்னாலதான் எல்லாரும் வருகினம். பயமாக் கிடக்கு எண்டு நான் ஆரிட்டச் சொல்றது?”

அக்காதான் முதலில் சிரித்தாள். பயந்து பயந்து தேங்கியிருந்த சிரிப்பு. “நாலு விசருகளும் பொய் சொல்லித்தானே உயிரோட வந்திருக்கிறியள்” என்றாள். பிறகு எல்லோரும் சிரித்தோம். அத்தானுக்குப் புரைக்கேறி, சேயோன்தான் முதுகில் தட்டினான். சிரிப்பு அடங்கியதும் அத்தான் மீனின் நடுத்துண்டை எடுத்து, முள்ளை எல்லாம் களைந்து, அவன் தட்டில் வைத்தார்.

“சாப்பிடும் தம்பி” என்றார். எங்கள் குடும்பத்தில் நடுத்துண்டு மருமகனுக்குத்தான் போகும். ஆரணி என் கையை நசுக்கிவிட்டாள்.

திங்கட்கிழமை அலுவலகத்துக்குப் போனேன். இங்வில் தன் மேசையில் தலையைப் பிடித்துக்கொண்டு இருந்தாள்.

“வழக்குப் போடப் போகிறார்களா?” என்று கேட்டேன்.

“அதுதான் இல்லை. நன்றி சொல்லி எழுதுகிறார்கள்” என்று திரையைக் காட்டினாள். “நேற்று மட்டும் இத்தனை. ‘உங்கள் பட்டி அதிர்ந்தது, திரும்பி வந்தோம், உயிர் பிழைத்தோம்.’ வேறு எந்த ஞாயிறும் இவ்வளவு பேர் திரும்பி வந்ததில்லை. சுகிர்தா, ஒன்றும் வேலை செய்யவில்லையே. இது எப்படி?”

எப்படி என்று சொன்னேன், எங்கள் வீட்டுக் கதையையும் சேர்த்து. அவள், இதை வெளியே சொல்லத்தான் வேண்டுமா என்று கேட்டாள். சொல்லத்தான் வேண்டும், செத்த பட்டியின் மௌனத்தைச் சம்மதம் என்று நினைத்து நான் அந்த மலையில் ஏறினேன் என்றேன். அறிவிப்பை நானே எழுதினேன். நிறுவனத்தின் வழவழா கொழகொழா ஒன்றும் இல்லாமல் மூன்றே வரி.

‘ஞாயிற்றுக்கிழமை வடக்கில் எங்கள் பட்டி ஒன்றுகூட வேலை செய்யவில்லை. மன்னிக்கவும். நீங்கள் அன்று திரும்பி வந்திருந்தால், அது உங்கள் முடிவு.’

பட்டியைத் திருத்துவதா விடுவதா என்று மேலிடத்தில் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். நான் அவசரப்படவில்லை.

அடுத்த ஞாயிறு நால்வரும் போனோம், வேறொரு மலைக்கு. எந்த மலை என்று அக்கா கேட்டு, பெயரை இரண்டு தடவை சொல்ல வைத்துத்தான் விட்டாள். கையில் ஒன்றும் கட்டவில்லை. மேலே ஏறி, ஒரு சின்னச் சரிவின் விளிம்பில் நின்றோம். ஊம் என்ற சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. பனி பார்ப்பதற்கு நன்றாகவே இருந்தது. எச்சரிக்கை இரண்டுதான். அத்தான் வழக்கம் போல முன்னால் போனார்.

எனக்கு ஏனோ பிடிக்கவில்லை. காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது.

“வேண்டாம் அத்தான்” என்றேன்.

என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது. அவர் திரும்பிப் பார்த்தார்.

“சரி” என்றார்.

அவ்வளவுதான். ஏன் என்று கேட்கவில்லை. ஸ்கீயைத் திருப்பிக்கொண்டு என்னைத் தாண்டி இறங்கத் தொடங்கினார். ஆறு வருடம் மண்டையை உடைத்து நான் கருவி செய்தது இந்த ஒற்றைச் ‘சரி’க்காகத்தான். கேட்டிருந்தால் எப்போதோ கிடைத்திருக்கும் போலிருக்கிறது.

காருக்குள் இருந்து ரொட்டி சாப்பிட்டோம். அந்தச் சரிவு எங்கள் கண் முன்னால் வெயிலில் சும்மா கிடந்தது. அன்றைக்கு அது சரியவில்லை. அந்தக் குளிர்காலம் முழுக்கவே சரியவில்லை. பிள்ளைகள் இருவரும் பின் சீட்டில் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு வெட்கமும் இல்லை, கவலையும் இல்லை. வயிறு நிறைந்திருந்தது, எல்லோரும் இருந்தார்கள்.

அத்தான் வாயில் ரொட்டியோடு சொன்னார்.

“அடுத்த முறை கொஞ்சம் முந்திச் சொல்லு சுகி. ஏறுற களையாவது மிச்சமாகும்.”

முந்திச் சொல்கிறேன் என்றேன்.